லீலா அம்மா அனுப்பிய மைசூர்பாகு

ஆறாயிரத்து எண்ணூறு ரூபாய். எனக்கும் பேச்சிராஜுக்கும் ஒரகடம் வில்லாக்காரர்கள் தர வேண்டிய நாலு நாள் கூலி. எட்டு வீட்டுக்கும் பொதுவான கழிவுத்தொட்டியைச் சுத்தம் செய்து, பைப் மாற்றுகிற வேலை.

கடைசி நாள் மத்தியானம் வில்லாக்காரர்களின் சங்கத் தலைவர் நம்பிராஜன் என்னைப் பைப் வாங்கிவரச் சுங்குவார்சத்திரத்துக்கு அனுப்பினார். திரும்பி வந்தால் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள்.

"வேலை முடிஞ்சிடுச்சு. பேச்சிராஜ் அப்பவே கெளம்பிட்டான்," என்றான் செக்யூரிட்டி. என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

மறுநாள் பேச்சிராஜ் வல்லக்கோட்டை ஏரியில் பிணமாக மிதந்தான். குடித்துவிட்டு விழுந்தான் என்று போலீஸ் எழுதியது. அவன் குடிக்க மாட்டான். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறியும் அவன் தலைமுடியில் தொட்டி நாற்றம் போகவில்லை.

அன்றைக்கு யாரும் வேலைக்கே வரவில்லை என்றார்கள் எட்டு வீட்டாரும். கார் நிறுத்துகிற இடத்துக்காகத் தங்களுக்குள் கோர்ட் வரை போனவர்கள், இதில் மட்டும் ஒரே குரல். அவன் அங்கேதான் செத்தான் என்று தெரியாதவரை அவன் மனைவி காவேரிக்கும் பிள்ளைக்கும் நஷ்டஈடு கிடையாது.

கூலி கேட்கப் போனேன்.

"வேலையே நடக்கல தணிகாசலம், எதுக்குக் கூலி?" என்ற நம்பிராஜன், பிறகு குரலை இறக்கினார். "ஸ்டேஷன்லயும் அதையே சொல்லு. மேல அம்பதாயிரம் போட்டுத் தர்றேன்."

"நடக்காத வேலைக்கு இன்னாத்துக்கு சார் அம்பதாயிரம்?"

நான் வந்துவிட்டேன்.

காரியம் முடிந்த பிறகு காவேரி என் வீட்டுக்கு வந்தாள். கையில் பேச்சிராஜின் டிபன் பாக்ஸ். மூடியில் அவன் பேரை ஆணியால் கீறியது நான்தான், முதியோர் பள்ளியில் எழுத்துக் கற்ற புதிதில். உள்ளே மைசூர்பாகு.

"மூணாம் வீட்டு லீலா அம்மா குடுத்துவிட்டாவளாம். இது அவுக கையில எப்படிண்ணே?"

கடைசி நாள் காலை பேச்சிராஜ் அதை லீலா அம்மா வீட்டுப் பின்வாசலில்தான் வைத்தான். நல்ல அம்மாதான். பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்று வளர்ந்திருப்பார் போல. அந்தப் பக்கமே வரவில்லை என்று எட்டு வீட்டாரும் சொன்னவனின் டிபன் பாக்ஸைக் கழுவி, நெய் மணக்க நிரப்பி அனுப்பியிருக்கிறார்.

காவேரியோடு ஸ்டேஷனுக்குப் போய், புகாரில் என் பேரை எழுதி, நடந்ததைச் சொன்னேன். இன்ஸ்பெக்டர் லீலா அம்மாவை வரவழைத்து டிபன் பாக்ஸை மேசைமேல் வைத்தார். மூடியிலிருந்த பேரைப் பார்த்ததும் அந்த அம்மா சொல்லிவிட்டார்.

"தொட்டிக்குள்ள மயங்கிட்டான். ஆம்புலன்ஸ் கூப்பிடலாம்னு நான் சொன்னேன் சார். வீட்டு விலை இறங்கிடும்னாங்க. நம்பிராஜன் கார்லதான் கொண்டுபோனாங்க."

காவேரி ஒன்றைத்தான் கேட்டாள். "அன்னைக்கு அவுக சாப்பிட்டாவளா?"

"இல்லம்மா. சோறு அப்படியே இருந்துச்சு. நாய்க்குப் போட்டேன்."

நம்பிராஜன் உள்ளே போனார். கூலி பாக்கி இருந்தால் கேஸ் கனமாகும் என்றாராம் வக்கீல். நம்பிராஜனின் ஆள் எனக்கும் காவேரிக்கும் சேர்த்துக் காசோடு வந்தான். எண்ணினேன். நானூற்று இருபத்தைந்து குறைந்தது.

"கடைசி நாள் அவன் அரை நாள்தானே செஞ்சான்," என்றான்.

அதை ரசீதில் எழுதித் தரச் சொன்னேன். வேலையே நடக்கவில்லை என்றவரின் ஆள் எழுதினான்.

காவேரி அவள் பங்கை வாங்கி முந்தானையில் முடிந்தாள்.

"சரிதாண்ணே. அரை நாள்தான்."