எதிர்வீட்டில் இருந்த கை

வலிப்பு வந்து நின்றதும் காஜாக்காரியின் வலது கை அசைவு தெருவைக் கடந்து எதிர்வீட்டு டிரைவரின் கைக்குப் போய்விடும். அவள் தையல்கடையில் சட்டைகளுக்குக் காஜா எடுப்பவள். பித்தான் துளையைச் சுற்றி நெருக்கமாக நூல் கட்டுவது அவள் வேலை. டிரைவருக்குப் பக்கவாதத்தில் வலது கை விழுந்து வருஷங்கள் ஆகியிருந்தன. இங்கே அவள் கை துவண்டு கிடக்கும்போது அங்கே அவர் விரல்கள் எழுந்து, போர்வை ஓரத்தில் இல்லாத ஊசியால் காஜா எடுக்கும். மாலைக்குள் அசைவு வீடு திரும்பிவிடும். முதலில் பயந்த அவளுடைய அம்மா, பிறகு வாசலில் நின்று, “கைய சீக்கிரம் அனுப்பிவிடுங்க, நாளைக்கு டெலிவரி இருக்கு” என்று குரல் கொடுக்கப் பழகினாள்.

டாக்டர் எதிர்வீட்டுக் கதையைக் கேட்டுக்கொண்டே அவள் கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். கையில் கோளாறில்லை என்றார். வலிப்பில் மூளையின் ஒரு பகுதி நரம்பணுக்கள் எல்லாம் ஒரே சமயத்தில் கொந்தளிக்கின்றன. அதை அடக்க எழும் ரசாயனங்கள் வலிப்பு நின்ற பிறகும் உடனே இறங்குவதில்லை. அதுவரை கைக்குக் கட்டளை போகாது. “வீடு பூரா கத்தி ஓஞ்சு படுத்துட்டா, யாரு எழுந்து கதவைத் திறப்பா? அது மாதிரிதான். மாத்திரைய மட்டும் விட்டுடாதம்மா.”

மாத்திரையில் வலிப்பு நின்றது. எதிர்வீட்டுக் கையும் நின்றது. அவள் கடைக்குப் போகும்போதும் வரும்போதும் டிரைவரின் மனைவி ஜன்னலில் நிற்பாள். ஒன்றும் கேட்கமாட்டாள். கேட்காததுதான் காஜாக்காரியை உறுத்தியது. தன் மகள் கைக்குழந்தையோடு வந்த வாரம் டிரைவரின் மனைவி இவர்கள் வீட்டுக்கே வந்து கேட்டுவிட்டாள்.

“பேத்திய ரெண்டு கையாலயும் ஒரு தடவை தூக்கணுமாம். ஒரே ஒரு நாள் மாத்திரைய விடக்கூடாதா கண்ணு?”

“என்னக்கா பேசுற? உன் வீட்டுக்காரர் கொஞ்சறதுக்கு என் பொண்ணு விழுந்து பல்லை உடைச்சுக்கணுமா?” என்று அம்மா எழுந்துவிட்டாள்.

“தப்புதான். பெத்தவ முன்னாடி கேட்டிருக்கக் கூடாது.”

காஜாக்காரி முடியாது என்று யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லாதவள். அன்றைய மாத்திரையை நாக்கடியில் அடக்கி, வாய் கொப்பளிக்கும் சாக்கில் துப்பினாள்.

மறுநாள் வந்த வலிப்பு நீளமானது. எதிர்வீட்டில் டிரைவர் குழந்தையை இரண்டு கையாலும் தூக்கினார். சிரிப்பும் அழுகையும் தெருவரைக்கும் கேட்டன. மாலை வந்தது, கை வரவில்லை. மறுநாளும் வரவில்லை. டிரைவர் ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி, “போம்மா, உன் வீட்டுக்குப் போ” என்று கெஞ்சினார். ஓரிரு நாளில் திரும்பியிருக்க வேண்டும் என்று டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். படத்தில் ஒன்றும் இல்லை.

வருஷங்கள் போயின. அவள் இடது கையால் பித்தான் தைத்தாள். காஜாவுக்கான சட்டைகளைக் கடைப்பையன் எதிர்வீட்டில் கொடுத்தான். டிரைவர் பேப்பர் படித்துக்கொண்டிருக்க, வலது கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. கூலி இவள் வீட்டுக்கு வந்தது. விசாரித்தவர்களிடம், “அவ வலது கை எதிர்வீட்டுல இருக்கு” என்று தெரு விலாசம் சொன்னது. ஆனால் அவளுடைய மரத்த கையில் சில சமயம் ஒரு குழந்தையின் உள்ளங்கால் உதைக்கும். சோறு பிசையும் சூடு ஏறும். யாருடைய நரைமுடியோ விரலில் வழுக்கும். தான் போயிராத பாதையில் ஸ்டீயரிங் திரும்பும். அப்போதெல்லாம் அவள் கையைத் தலையணைக்கடியில் வைத்து அழுத்திக்கொள்வாள்.

டிரைவர் ஒரு கோடையில் இறந்தார். உடல் குளிர்ந்த பிறகும் வலது கை நிற்கவில்லை. மேலே போர்த்திய துணியின் ஓரத்தில் காஜா எடுத்துக்கொண்டே இருந்தது. பாடையில் வைக்க ஒருவரும் கிட்ட வரவில்லை. டிரைவரின் மனைவி தெருவைக் கடந்து வந்தாள்.

“வந்து உன் கையைக் கூட்டிட்டுப் போ, கண்ணு. அவர் கிளம்பணும்.”

காஜாக்காரி போய் அந்த விரல்களை இடது கையால் பிடித்துக்கொண்டாள். அவை மெல்ல ஓய்ந்தன. மடியில் கிடந்த அவளுடைய வலது கை ஒருமுறை மூடித் திறந்தது.

மீண்டும் பழைய நேர்த்தியோடு காஜா எடுக்கிறாள். டிரைவரின் மனைவி பக்கத்தில் வந்து உட்காரும்போது மட்டும் அந்தக் கை ஊசியைக் குத்தி வைத்துவிட்டுப் போய், அவளுடைய நரைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்குகிறது. முதல் நாள் இருவருமே பதறி விலகினார்கள். இப்போது காஜாக்காரி சட்டையை மடியில் இறக்கிவிட்டு, கை வேலையை முடித்து வரும்வரை தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.