மஞ்சள் கவுன் வளர்ந்த வருஷங்கள்

நூல்கண்டு விலை ஏறிய அதே வாரத்தில், தையல்காரியின் வீட்டில் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய மஞ்சள் கவுன் மூன்று விரற்கடை வளர்ந்திருந்தது. அதைப் போட்டுக்கொள்ள வேண்டிய அவள் மகள் காய்ச்சலில் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. மடிப்புப் பிரிந்திருக்கும் என்றுதான் தையல்காரி முதலில் நினைத்தாள். வளர்கிற பிள்ளைக்குத் தைக்கும்போது கீழ்மடிப்பில் கொஞ்சம் துணி விட்டு வைப்பது வழக்கம்தானே. ஆனால் மடிப்பு பிரியவே இல்லை. தோள் அகன்றிருந்தது, கை நீண்டிருந்தது. "நீதான் துவைச்சு முறுக்கிப் பிழிஞ்சிருப்பே" என்று நாத்தனார் மேல் பாய்ந்தாள். "துவைச்சா துணி சுருங்கும் அண்ணி, வளருமா? நாலு பேர் கேட்டா சிரிப்பாங்க" என்றாள் நாத்தனார். நாலு பேர் என்ன, தெருவே வந்து பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை. ஒரு வாரம் உச்சுக்கொட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

கவுன் வருஷா வருஷம் வளர்ந்தது. கண்டக்டர் வேலை பார்த்த புருஷன் அந்தக் கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பவே மாட்டார். பஸ்ஸில் மஞ்சள் கவுன் போட்ட குழந்தை ஏறினால்கூடப் பின்படிக்கு நகர்ந்துவிடுவார். தையல்காரியோ கடவுளோடு பேச்சை விட்டிருந்தாள். அத்தனை கெஞ்சியும் காதில் போட்டுக்கொள்ளாதவனோடு இனி என்ன பேச்சு? ஊருக்கெல்லாம் சீருடை தைத்து முடித்ததும் நாடாவை எடுத்துக் கவுனை அளப்பாள். பிள்ளை எங்கேயோ வளர்கிறாள் என்பது அவளுக்கு நிச்சயமாகிவிட்டது. யார் சோறு போடுகிறார்கள், யார் தலை வாரிவிடுகிறார்கள் என்றுதான் தெரியவில்லை. பெற்றவளுக்கு அது தெரியாமல் தூக்கம் எப்படி வரும்?

ஒரு கோடையில் கவுனின் ஓரத்தில் புல்கறை இருந்தது. ஈர மண்ணும் ஒட்டியிருந்தது. அந்த ஊரில் புல் என்று இருந்தது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உள்ள பூங்காவில் மட்டும்தான். உயிரோடு இருந்தபோது பிள்ளை அங்கே கூட்டிப்போகச் சொல்லி நச்சரித்திருக்கிறாள். தையல் வேலையில் அது அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போய்விட்டது. தையல்காரி கடையை அப்படியே பூட்டினாள், கவுனைப் பையில் திணித்துக்கொண்டு ஓடினாள். ஊஞ்சலடி, ரோஜாப் பாத்தி, புதர் மறைவு, ஒன்று விடவில்லை.

"என்னம்மா தேடறீங்க?" என்று கேட்டார் காவலாளி.

"என் பொண்ணைங்க."

"என்ன வயசு?"

அவள் கவுனை எடுத்து விரித்துக் காட்டினாள். காவலாளி மேலும் கீழும் பார்த்தார். "இந்த உசரத்துல நிறையப் பிள்ளைங்க வருதுங்கம்மா. கொஞ்சம் உக்காருங்க, தண்ணி குடிங்க" என்று பெஞ்சைக் காட்டினார்.

மடியில் கவுனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது, இடுப்பருகே வேலியில் மாட்டி இழுத்த மாதிரி புதுக் கிழிசல் ஒன்று தெரிந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு நூல் துணிக்குள் போய் வெளியே வந்தது. ஊசியும் இல்லை, கையும் இல்லை. தையல் கோணிக்கொண்டு போனது, பிரிந்து, மறுபடி விழுந்தது, மறுபடியும் கோணல்தான். மஞ்சள் துணிக்குப் பச்சை நூல் வேறு. தைக்கவே தெரியாத யாரோ விடாமல் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஐயோ, அப்படி இறுக்காதே, துணி சுருங்கிக்கும்" என்றாள். இத்தனை வருஷம் கழித்துக் கடவுளிடம் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். நூல் தளர்ந்தது. கிழிசலின் இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொடுத்தாள். தைத்து முடியும்வரை அழுதாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட அப்படி அழுததில்லை. காவலாளி பந்து விளையாடிய பிள்ளைகளை அந்தப் பக்கம் போகச் சொன்னார். அழுது ஓய்ந்தபோது நெஞ்சு லேசாக இருந்தது. பாத்திக்கு யாரோ தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குத்தான் அவளுக்குப் பசியென்று ஒன்று எடுத்தது.

அதன்பின் வாராவாரம் விடுமுறையன்று பூங்காவுக்குப் போனாள். கிழிசல் இருந்தால் ஓரம் பிடித்துக்கொடுப்பாள், இல்லாவிட்டால் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவாள். அந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காராதபடி காவலாளி பார்த்துக்கொண்டார். தையலும் போகப் போகத் தேறியது. பொத்தான் கட்டுவதை மட்டும் கடவுள் கடைசிவரை சரியாகக் கற்றுக்கொள்ளவில்லை. பிறகு ஒரு வருஷம் கவுன் வளரவில்லை. அடுத்த வருஷமும் அப்படியே. "அண்ணி, நின்னுபோச்சே!" என்று நாத்தனார் பதறினாள். "வளர்ந்து முடிச்சுட்டாடி, வேறென்ன" என்றாள் தையல்காரி.

அந்த வாரம் புருஷனும் கூடவே பூங்காவுக்கு வந்தார். வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், கவுனை வாங்கி அவள் தோளில் வைத்துப் பார்த்தார். அது புல்லில் புரண்டது.

"உன்னைவிட உசரம்" என்றார்.

தையல்காரி தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்து, உதவி செய்தவர்களிடம் சொல்வதைப்போலவே சொன்னாள். "பெத்தது நானு, ஆளாக்கினது நீ. உனக்குப் புண்ணியமாப் போகும்."