பதினைந்தாவது முடிச்சு

கணக்கு வாத்தியாருக்கு மகள் வைத்த பரீட்சை ஒன்றே ஒன்றுதான். அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் ஒதுங்கிக் கிடக்கும் அந்த வளைகுடாவில் தன் கையால் நங்கூரம் போட்டு, படகை ஒரு மணி நேரம் நகராமல் நிறுத்த வேண்டும். நின்றால் இனி அப்பா தனியாகவே போய்வரலாம். நகர்ந்தால் படகை விற்றுவிட வேண்டும். மேற்பார்வைக்கு அவருடைய மனைவியின் தம்பி. முப்பது வருஷம் ஊர்ப் பிள்ளைகளைப் பெயிலாக்கியவருக்கு இப்படியொரு நாள் வரத்தானே வேண்டும்!

பன்னிரண்டு வருஷமாக, விடுமுறை விட்டால் போதும், அவரும் மனைவியும் கரையை ஒட்டியே ஓட்டிவந்து தங்கிய இடம் அது. சுக்கானில் அவர், முன்முனையில் அவள். கை இரண்டையும் விரித்த நீளம் ஒரு பாகம். நங்கூரக் கயிற்றில் பாகத்துக்கு ஒன்றாக, அவருடைய பழைய சட்டைகளைக் கிழித்து முடிந்துவைத்திருந்தாள். ஆழத்தைப்போல ஐந்து மடங்கு கயிறு விட வேண்டும். பெருக்கிப் பார்த்து, “பதினஞ்சு!” என்று இவர் கத்துவார். “காது கேக்குது, கத்தாதீங்க!” என்று அவளும் கத்துவாள். கயிறு இறுகியதும் முஷ்டியை உயர்த்திக் காட்டுவாள். சண்டை அத்தோடு சரி. படகு ஒருநாளும் நகர்ந்ததில்லை. எல்லாம் தன் பெருக்கலின் மகிமை என்று வாத்தியார் பார்த்தவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டார்.

அவள் போய் ஏழு மாதம். இன்று சுக்கானில் மைத்துனன், முன்முனையில் வாத்தியார். பதினைந்தாவது முடிச்சு, நீலக் கட்டம் போட்ட சட்டை. அதோடு நிறுத்திக் கயிற்றைக் கட்டினார்.

கால் மணி நேரத்தில் கரையிலிருந்த பட்டமரம் மெல்ல நடக்க ஆரம்பித்தது. மரம் நடக்காது என்பது வாத்தியாருக்கும் தெரியும்.

“அத்தான், நகருது.”

“கணக்கு சரிடா மாப்ளே. மூணு பாகம் ஆழம், அஞ்சு மடங்கு…”

“கணக்கு சரிதான். கைதான் வேற. முடிச்செல்லாம் அக்கா கையால அளந்தது. அவ எவ்ளோ குட்டை! நீங்க பதினஞ்சுன்னா அவ பதினெட்டு விடுவா.”

“ஒருநாள்கூடச் சொல்லலையே?”

“சொன்னா உங்க மூஞ்சி தொங்கிப்போயிடுமாம். என்கிட்ட சத்தியம் வேற வாங்கிட்டா.”

வாத்தியார் இன்னும் மூன்று முடிச்சு விட்டார். கயிறு இறுகியது. பட்டமரம் நின்றது. அவர் கை தானாக முஷ்டியாகி உயர்ந்தது.

“என்னத்தான், அடிக்கப் போறீங்களா?”

அதற்குப்பின் ஒரு மணி நேரம் ஆயிற்று. படகு அசையவில்லை. மைத்துனன் போனை எடுத்தான். “பாஸ்! இனிமே அப்பா தனியாவே போகலாம்னு சொல்லிடவா?”

வாத்தியார் மிச்சக் கயிற்றில் அடுத்தடுத்த இரண்டு முடிச்சுகளை இரு கையிலும் பிடித்திருந்தார். கைகள் முழுசாக விரியவில்லை. நடுவில் ஓர் ஆளை அணைத்திருப்பதுபோல வளைந்தே நின்றன.

“பாஸானது உங்கக்கா,” என்றார். “எனக்கு மறுபரீட்சை வைக்கச் சொல்லு. நீயும் வரணும்.”

மைத்துனன் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.