ஒர்வில் கழகத்தின் ஏழாம் எண் சட்டை

ஒர்வில் கால்பந்துக் கழகத்தின் ஏழாம் எண் சட்டை ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆளில்லாமலே வலது ஓரத்தில் ஆடியது. ஊர் நிலக்கரிச் சுரங்கத்தின் மூன்றாம் குழியில் வாயு வெடித்தபோது, அந்தச் சட்டைக்குரிய ஸ்தெஃபான் குபியாக் உள்ளே மாட்டிக்கொண்டான். உடல் மேலே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குச் சட்டை மட்டும் வந்தது. நடுவர் அதைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, விதியில் தடையில்லை என்று விசில் ஊதினார். சட்டைக்குக் கீழே ஒன்றுமில்லை. ஆனாலும் பந்து அதற்குக் கட்டுப்பட்டது. அதனருகே போனால் பல்லில் கரித்தூள் நறநறக்கிறது என்று எதிரணியினர் புகார் சொன்னார்கள். எங்களுக்கு அது பழகிய ருசிதான்.

சுரங்கத்தில் செய்வதுபோலவே கழகத்திலும் உடைகளைக் கொக்கியில் மாட்டிச் சங்கிலியால் கூரைக்கு ஏற்றிவிடுவோம். குழியில் செத்தவன் என்றைக்கும் உறுப்பினர்தான். சந்தா மட்டும் கேட்பதில்லை. ஸ்தெஃபானின் மனைவி மதோ சட்டையைத் துவைத்து மாட்டுவாள். வாரம் ஒருமுறையாவது புருஷன் கண்ணில் படுகிறான், மாலுமிகளின் பெண்டாட்டிகளுக்கு அதுகூட இல்லை என்பாள்.

சுரங்கத்தை மூடியதும் ஊர் காலியானது. கழகத்தைப் பக்கத்து ஊரான பெர்குவாவோடு இணைக்கத் தலைவர் ரெமி லெக்லுஸ் உடை மாற்றும் அறையில் கூட்டம் போட்டார். பெயர் போய்விடும், எங்கள் கறுப்பு மஞ்சள் சட்டை போய் அவர்களுடைய நீலம் வரும்.

"நீலச் சட்டைக்குள்ள அவரு எப்படி வருவாரு? இன்னொரு தடவை அவரைக் கொல்லப் போறீங்களா?" என்று மதோ எழுந்தாள்.

"மதோ அக்கா, இணையலைன்னா அடுத்த வருஷம் ஆடவே ஆளில்ல. அவரு யாரோட ஆடுவாரு?" என்றார் லெக்லுஸ்.

கை தூக்கி வாக்கெடுத்ததில் இரு பக்கமும் சரிசமமாக நின்றது.

"என் புருஷனும் உறுப்பினர்தானே? அவரைக் கேளுங்க!" என்றாள் மதோ, பதில் தெரிந்தவளாக.

விதி அப்படித்தான். லெக்லுஸ் கூரையில் தொங்கிய சட்டையை அண்ணாந்து பார்த்து, எதிர்ப்பவர் கை தூக்கலாம் என்றார். சட்டை அசையவில்லை. ஆதரிப்பவர் என்றார். சங்கிலி கிறீச்சிட்டது. கூரையடியில் வலது கை மெல்ல உயர்ந்தது.

"அப்ப உனக்குப் பந்துதான் வேணும். ஊரு, பொண்டாட்டி, எதுவும் வேணாம்!" என்று மதோ சட்டையைப் பார்த்துக் கத்தினாள்.

அவள் கதவைச் சாத்திக்கொண்டு போகும்வரை கை இறங்கவில்லை. வாக்கு வாக்குதான், இணைப்பு நிறைவேறியது.

செப்டம்பரில் பெர்குவா மைதானத்தில் நீல நிற ஏழாம் எண் ஆளில்லாமல் ஓடி வந்தது. அந்த ஊரில் சாகும்வரை கால் வைப்பதில்லை என்றிருந்த மதோ, பேருந்து பிடித்துப் போய், அந்த ஊர்க்காரர்களுக்கு நடுவே உட்கார்ந்து உருளைக்கிழங்கு வறுவல் தின்றாள். நீலம் அவருக்கு எடுப்பாக இல்லை என்று மட்டும் பக்கத்து இருக்கைக்காரரிடம் குறைபட்டுக்கொண்டாள்.