ஆயில் குடித்த வண்டி

மாப்பிள்ளையின் டீசல் காரில், என்ஜினுக்குக் காற்று போகிற குழாய்க்குள் ஆயில் ஏறத் தொடங்கியபோது தெருக் காக்கைகளுக்கெல்லாம் இருமல் வந்தது. ஒரு காக்கை கழுத்தில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு திரிந்ததை நானே பார்த்தேன். நம்பாதவர்கள் அதையே கேட்டுக்கொள்ளலாம்.

மாப்பிள்ளை என்றால் என் தங்கை வீட்டுக்காரர். தங்கைக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் பாதி நாள் ஆஸ்பத்திரி, ஊசி, ரத்தத்தைச் சுத்தம் செய்கிற இயந்திரம். போதும், என்னை விட்டுவிடுங்கள் என்று ஒருநாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். இவர் கெஞ்சினார், கோபித்தார், கடைசியில் பேரம் பேசினார். இந்த வண்டி ஓடுகிறவரைக்கும் அவள் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். நின்றுபோனால் அப்புறம் யாரும் கூப்பிடக் கூடாது. வண்டியின் வயசு தெரிந்துதான் அவள் சரி என்றாள்.

அன்றிலிருந்து மனுஷன் வண்டிக்கு நர்ஸ் ஆகிவிட்டார். பிஸ்டன் வளையம் தேய்ந்துவிட்டது, ஆயில் புகையாக மேலே அடித்து ஏர் ஃபில்டர் ஊறிப்போகிறது, என்ஜினைப் பிரிக்க வேண்டும் என்றார் மெக்கானிக். பிரித்தால் வண்டி நிற்குமே. ஆகவே இவர் ஃபில்டரை மட்டும் துடைத்துத் துடைத்து மாட்டினார். அந்தத் துணியைப் பிழிந்து ஒரு லாரி ஓட்டலாம். குறைந்ததற்கு மேலேயும் ஆயில் ஊற்றினார். அளவுக் கம்பியில் கோட்டைத் தாண்டுகிறதே என்றால், இருக்கட்டும் மச்சான், தெம்புக்கு என்பார்.

அன்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். தங்கை பின்சீட்டில், மடியில் தலையணை. மாப்பிள்ளை சாவியைத் திருகினார். வண்டி உறுமியது, பிறகு அலறியது. சாவியை உருவினார். நிற்கவில்லை. தேங்கிக் கிடந்த ஆயிலையே காற்றோடு உறிஞ்சி எரித்துக்கொண்டு அது பாட்டுக்கு ஓடியது. கியரில் போட்டு அமுக்கி நிறுத்தலாமென்றால் கிளட்ச் முன்பே வழுக்கல். தெருவெல்லாம் புகை. எதிர்வீட்டுக்காரர் தன் வீடென்று நினைத்து எங்கள் வீட்டுக்குள் போய்ப் படுத்துவிட்டார்.

காற்றை அடைத்தால்தான் நிற்கும். இல்லாவிட்டால் என்ஜின் வெடிக்கும். மாப்பிள்ளைக்கும் தெரியும். பானெட்டைத் தூக்கி, ஃபில்டர் டப்பாவைக் கழற்றியவர், அதற்குமேல் கை ஓடாமல் நின்றார். ஏனென்று எனக்குப் புரிந்தது. அவளுக்கும் புரிந்தது.

மெல்ல இறங்கி வந்து தலையணையை நீட்டினாள்.

"அடைச்சிடுங்க. பாவம், அதுக்கு மூச்சு வாங்குது."

"ஓடிட்டுதானேம்மா இருக்கு."

"இது ஓட்டமாங்க?"

வாங்கினார். குழாய் வாயில் வைத்து, உடம்பையெல்லாம் போட்டு அழுத்தினார். வண்டி ஒரு தடவை உதறிக்கொண்டு அடங்கியது. அந்த இரைச்சல் நின்ற பிறகுதான் அவர் அழுகிற சத்தம் கேட்டது.

டாக்ஸி கூப்பிடட்டுமா என்று கேட்டேன்.

"பேச்சுன்னா பேச்சுதாண்ணே," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

மாப்பிள்ளை தலையணையை உருவினார். நடுவில் கறுப்பாக ஒரு வட்டம். அதைத் தட்டிச் சரிசெய்து பின்சீட்டில் அவள் உட்காரும் இடத்தில் வைத்தார். பிறகு முன்னால் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். டிக் என்றது.

மறுபடி திருகினார்.