நீர் கோத்த கால்கள்

"உம்மா, இன்னும் பஞ்சு இருக்கா? வாப்பாட காலால வாற தண்ணி நிக்குதில்ல."

மகன் றுவைஸ் அறை வாசலில் நின்றான். இறந்த தகப்பனைக் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றியாயிற்று. கபனும் நனைந்துகொண்டிருந்தது.

"அலுமாரிக்குள்ள கிடக்கு. எடு," என்றாள் றஹ்மா. எழுந்திருக்கவில்லை.

இதயம் பலவீனமானால் இப்படித்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஓட வேண்டிய இரத்தம் தேங்கும். அதிலிருந்து நீர் கசிந்து சதைக்குள் இறங்கும். முதலில் பாதம், பிறகு தொடை, வயிறு. கடைசியில் அவள் கணவர் தாஹிரின் நெஞ்சுக்குள்ளும் ஏறிவிட்டது.

முதல் வீக்கத்தை அவளிடம்தான் காட்டினார். றஹ்மா பெருவிரலால் அழுத்தினாள். விழுந்த குழி நிரம்பவில்லை. அவளுக்கு அது தெரிந்த குழி. இரண்டாவது பிள்ளையைச் சுமந்தபோது அவள் காலிலும் விழுந்தது. அப்போது கிண்ணியாவில் பாலம் இல்லை; படகில் கடந்துதான் பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கூட்டிப் போகச் சொல்லிக் கேட்டாள்.

"ரெண்டு பேருக்குத் தின்றா ஊதாம என்ன செய்யும்?" சிரித்துவிட்டுக் கடைக்குப் போனார் தாஹிர்.

அந்தக் கிழமையே வலிப்பு வந்தது. அவள் பிழைத்தாள். வயிற்றிலிருந்த பெண்பிள்ளை பிழைக்கவில்லை.

ஆகவே அவர் காலிலிருந்து விரலை எடுத்துவிட்டுச் சொன்னாள்: "மூணு நேரமும் தின்றா ஊதாம என்ன செய்யும்?"

தாஹிர் அவளை நெடுநேரம் பார்த்தார். சாரத்தைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டார். அவருக்கு ஞாபகம் இருந்தது. அது போதும் என்று அன்று நினைத்தாள்.

போதவில்லை. படுக்கையில் விழுந்ததும் மறுமைக்குப் பயந்து ஊரெல்லாம் போன் எடுத்தார். "என்னைப் பொருந்திக்கங்க," என்று மூதூர் யாவாரியிடம் மன்னிப்புக் கேட்டார். எப்போதோ அறைந்த தேத்தண்ணிக் கடைக்காரனிடமும் கேட்டார். வீங்கிய விரல்கள் மடங்காததால், ஒவ்வொரு முறையும் போனை அவர் காதில் பிடித்திருந்தவள் றஹ்மா. அவளிடம் அவர் கேட்கவில்லை.

மௌலவி வாசல் திரைக்கு வெளியே நின்று குரல் கொடுத்தார். "தாஹிர் நானாட மனிசி பொருந்திட்டாங்கதானே? வாயால ஒரு சொல்லுச் சொன்னா மறுமையில அவருக்கு லேசு."

அறைக்குள் இருந்த பெண்கள் எல்லோரும் றஹ்மாவைப் பார்த்தார்கள். அவள் பேசவில்லை.

தாஹிரின் தங்கை நஜ்முன் நிஸா மூக்கைத் துடைத்தாள். "மதினி எப்பவும் வாய் திறக்காத ஆள், மௌலவி. நிக்காஹ்வுக்குச் சம்மதம் கேட்டப்பவும் இப்படித்தான் இருந்தா. பேசாட்டிச் சம்மதம்தானே."

யாரோ அழுகைக்கு நடுவே சிரித்தார்கள்.

"ஓம், அப்படியே எடுப்பம்," என்றார் மௌலவி. வெளியே, உடலை வைத்த சந்தூக்குப் பெட்டி தோள்களுக்கு ஏறியது.

றஹ்மா எழுந்தாள்.

"நான் பொருந்தல்ல," என்றாள். "ஊருக்கெல்லாம் கேட்டார். என்னட்டக் கேக்கல்ல."

வெளியே கலிமா ஓதும் சத்தம் நின்றது.

"உம்மா..." முன்பக்கம் தோள் கொடுத்திருந்த றுவைஸின் குரல்.

திரைக்குக் கீழே, தூக்கியவர்களின் வெறும் பாதங்கள் தெரிந்தன. ஒன்றும் நகரவில்லை. பிறகு, அவற்றுக்கு நடுவே சந்தூக்கு மெல்ல இறங்கித் தரையில் அமர்ந்தது.