தொப்பூர்க் கணவாயில் ஒரே பதில்

1

இந்தக் கதை எனக்கு பக்ருதீன் பாயின் டீக்கடையில் கிடைத்தது. தொப்பூர்க் கணவாயில் ஏறி வந்த லாரிகள் இஞ்சின் சூடு ஆற நிற்கும் மேடு அது. ஆண்டு 1988. கடை வாசலில் வாழைத்தார் தொங்கியது. பக்கத்திலேயே, கூச்சநாச்சம் இல்லாமல், நிரோத் ஆணுறைப் பாக்கெட் சரம். என்ன பாய் இது என்றேன்.

"பொம்பளைங்க உத்தரவுங்க," என்றார்.

அந்த ஒரு வரிக்காக இன்னொரு டீ சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

2

கேட்டதை எழுத உட்கார்ந்தபோது முதல் தொடக்கம்: 'ஒரு நாள் நகரத்திலிருந்து டாக்டர் ஒருவர் ஜீப்பில் வந்திறங்கி, மரத்தடிப் பெண்களைக் கூட்டி…'

(அப்படி யாரும் வரவில்லை. ஜீப்பைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: 'பாவம் செல்லி, விதியின்…'

(செல்லி கேட்டால் என்னை உதைப்பாள்.)

3

நடந்ததைச் சொல்கிறேன். லாரிக்காரர்களிடம் தொழில் செய்து பிழைத்த பெண்கள் அந்த மேட்டில் ஏழெட்டுப் பேர். மூத்தவள் தங்கம்மாள். சென்னையில் இப்படிப் பிழைக்கும் பெண்கள் சிலரின் ரத்தத்தில் மருந்தில்லாத புதுச் சீக்கு இருப்பதாக ரேடியோவில் கேட்டவள், எல்லாரையும் புளியமரத்தடியில் உட்காரவைத்தாள். இனி நிரோத் இல்லாமல் யாரும் யாரோடும் போகக் கூடாது, பாய் கடையில் அதைச் சரமாகத் தொங்கவிடச் சொல்லியாயிற்று என்றாள்.

"எனக்குத்தான் ஆபரேஷன் ஆயிடுச்சேக்கா. அது எதுக்கு?" என்றாள் செல்லி.*

"ஆபரேஷன் புள்ளைய நிறுத்தும்டி. சீக்க நிறுத்துமா?"

"நான் மாட்டேன்னா ஆளு உங்கிட்ட வருவான். எம்புள்ளைக்குச் சோறு?"

"எங்கிட்ட வந்தாலும் அதே பதிலுதான். ஆளத் திருப்பி அனுப்புனவ வூட்டுக்கு அன்னைக்கு மத்தவங்க சோறு குடுக்கணும். சரியா?"

(இந்த இடத்தில் தங்கம்மாளுக்கு ஒரு நீளமான சொற்பொழிவு எழுதி வைத்திருந்தேன். அடுப்பில் பருப்பு தீய்கிறது என்று எழுந்து போய்விட்டாள்.)

* பாதிப் பேருக்குக் குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் ஆகியிருந்தது. இனி எதுவும் அண்டாது என்றே நம்பியிருந்தார்கள்.

4

கம்பைநல்லூர் மாதப்பன் செல்லியின் வாடிக்கை. அவன் வரும் நாளில்தான் அவள் வீட்டில் அரிசிச் சோறு. மறுவாரம் மத்தியானம் லாரியை நிறுத்தினான்.

"பாக்கெட் இல்லாம வேணாங்க," என்றாள்.

"எனக்கென்ன சீக்கா?"

"உங்களுக்குன்னு சொல்லலீங்க. எனக்கு இருந்தா?"

"நீ இல்லன்னா தங்கம்மா."

செல்லி இங்கே பணிந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். பணியவைத்து எழுதியும் பார்த்தேன். 'செல்லி தலையைக் குனிந்து, சரிங்க என்று…' வாக்கியம் நகர மறுத்தது. அவள் சொன்னது இதுதான்:

"போய்க் கேளுங்க."

போனான். தங்கம்மாள் அதையே சொன்னாள். அடுத்த மரத்தடியில் இருந்த குள்ளம்மாளும் அதையே. வண்டியைக் கிளப்பிக்கொண்டு போயே விட்டான். அன்று செல்லி வீட்டில் அடுப்பு எரியவில்லை. பொழுது சாய்வதற்குள் குள்ளம்மாள் களியும் கீரையும் கொண்டுவந்து வைத்தாள். பிள்ளை வயிறாரத் தின்றது. செல்லி அழுதாள், பிறகு தானும் தின்றாள்.

அடுத்த நடைக்கு மாதப்பன் லாரியைக் கடை வாசலிலேயே நிறுத்தினான்.

"பாய், அந்தச் சரத்துல ஒண்ணு கிள்ளுங்க. மேடே ஒரே பேச்சாப் பேசுது."

எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான். இதைச் சொல்லும்போது பாய் தொடையில் தட்டிச் சிரித்தார். எனக்கும் விசில் அடிக்கத் தோன்றியது. அடித்தேன்.

5

முடிவுகள்.

(அ) அந்த மேட்டில் யாருக்குமே அந்தச் சீக்கு வரவில்லை. (எனக்குத் தெரியாது. அளக்க மாட்டேன்.)

(ஆ) மேடை போட்டுத் தங்கம்மாளுக்குச் சால்வை… (யார் போர்த்தினார்கள்? சும்மா இருங்கள்.)

(இ) இதை நீங்கள்தான் முடிக்க வேண்டும். அடுத்த லாரியை ஓட்டி வருவது நீங்கள். மேட்டில் நிறுத்துங்கள். நயந்து பேசலாம், மிரட்டலாம், அடுத்த மரத்தடியில் இருப்பவளிடமும் போய்க் கேட்டுப் பார்க்கலாம். அவர்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதுதான் எழுத வரவில்லை.